எங்கள் வீட்டு நாக்கு

எனக்கு எழுத்து சரியாக வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். எங்கே ஒற்று வைக்க வேண்டும், எங்கே வேண்டாம் என்பதெல்லாம் தெரியாது. மறதியும் இருக்கிறது. முன்னே நடந்ததைப் பின்னே சொல்லுவேன், பின்னே நடந்ததை முன்னே சொல்லுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது வாயால் சொல்ல வேண்டிய விஷயம். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் நோட்டு வாங்கி எழுதுகிறேன்.

முதலில் என் நாக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

என் நாக்கு பல்லைத் தாண்டி வெளியே வராது. நீட்டப் பார்த்தால் நுனி நடுவில் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெற்றிலையைத் திருப்பிப் பிடித்தால் காம்புப் பக்கம் எப்படிக் குழிந்திருக்குமோ அப்படி. மேல் அண்ணத்தில் சோறு ஒட்டினால் விரலை விட்டுத்தான் எடுப்பேன். மாம்பழச் சாறு உதட்டில் வழிந்தால் முந்தானையால் துடைப்பேன், நக்க முடியாது. சின்ன வயதில் எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். யாராவது யாருடைய வாய்க்குள்ளாவது எட்டிப் பார்க்கிறார்களா என்ன?

பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது. எஸ்டேட் பள்ளிக்கூடம், ஒரே கொட்டகைக்குள் நாலு வகுப்பு. பாடம் வாசிக்கச் சொல்லி எழுப்பிவிடுவார்கள். ரகரம் வந்தால் என் வாயில் யகரம் போல் விழும். ழகரம் எங்கே போகும் என்றே தெரியாது. பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் திரும்பிச் சிரிப்பார்கள். வாத்தியார் நல்லவர்தான். இன்னொரு தரம் சொல்லு, மெதுவாகச் சொல்லு என்பார். மெதுவாகச் சொன்னால் சிரிப்பும் மெதுவாக, நீளமாக இருக்கும். அம்மா தினமும் வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தாள். எஸ்டேட் மாரியம்மன் கோயில் மணியில் தண்ணீர் ஊற்றி வாங்கி வந்து குடிக்க வைத்தாள். மணி போலப் பேச்சு வரும் என்று சொல்வார்கள். வரவில்லை. நாக்கைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. நாலாம் வகுப்பு முடிந்ததும் நானே போகமாட்டேன் என்றேன். அப்பாவுக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

கொழுந்து பறிக்கப் பேச்சு வேண்டாம், கை போதும். பதினாறு வயதில் பறிக்கப் போனேன். எனக்கு வெட்கம் ஜாஸ்தி என்று பெயர் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதும் வெட்கப்படுகிறாள் என்றே சொன்னார்கள். அவர்களுக்கு அது பிடித்துப் போயிற்று. கல்யாணம் ஆனது. பிள்ளை இல்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது.

பிறகு எஸ்டேட் கிரச்சில் ஆயா வேலை கிடைத்தது. வண்டிப்பெரியாருக்கு மேலே இருக்கிற எஸ்டேட்களில் அம்மாமார் மலை ஏறும்போது கைக்குழந்தைகளைக் கிரச்சில் விட்டுப் போவார்கள். காலையில் ஒரு தரம், மத்தியானத்துக்கு மேல் ஒரு தரம் பால் கொடுக்க இறங்கி வருவார்கள். தூரத்துத் தேயிலைக் காட்டில் பறிப்பு என்றால் வர நேரமாகும். பிள்ளைகள் அலறும். அப்போது நான் காலை நீட்டி, பிள்ளையைக் காலில் படுக்க வைத்து, பாலாடையில் பால் விட்டுக் கொடுப்பேன். மற்ற ஆயாக்கள் கொடுத்தால் பாதி கழுத்தில் வழியும். நான் கொடுத்தால் ஒரு சொட்டுச் சிந்தாது. கன்னத்தை லேசாக அமுக்கி, பாலாடை மூக்கைக் கடைவாயில் வைத்து, பிள்ளை மூச்சு விடுகிற நேரம் பார்த்துச் சாய்க்க வேண்டும். எந்தப் பிள்ளையும் என் கையில் குடித்துவிடும். பிள்ளைகளுக்கு நான் எப்படிப் பேசுகிறேன் என்பது கவலை இல்லை. இருபத்தோரு வருஷம் அந்த வேலை பார்த்தேன். எனக்கு ஒரு பெருமை என்று உண்டென்றால் அது இதுதான். அந்தப் பெருமைதான் பின்னால் கண்ணை மறைத்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தம்பி வீட்டை ஒட்டிய லயத்தில், எஸ்டேட் வரிசை வீடு ஒன்றில் இருந்தேன். தம்பி மகனுக்குக் கம்பத்திலிருந்து பெண் எடுத்தார்கள். அம்மா இல்லாத பெண். ஒல்லியாக இருப்பாள், நடந்தால் சத்தமே கேட்காது. இங்கே வந்து தற்காலிக வேலைக்கு இறங்கினாள். முதல் பிரசவம் தாய்வீட்டில் பார்ப்பதுதான் வழக்கம். தாய் இல்லாத வீட்டில் யார் பார்ப்பது? தம்பி பெண்டாட்டி என்னிடம் வந்தாள்.

"மதினி, எத்தனை புள்ளைய வளத்த கை ஒங்க கை. நீங்க கூட இருந்தாப் போதும்" என்றாள்.

எனக்குச் சந்தோஷம்தான். அந்தப் பெண்ணும் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு என் பின்னாலேயே நிற்பாள்.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் குளியல் என் கையில்தான். காலை நீட்டி உட்கார்ந்து, எண்ணெய் தடவி, தண்ணீர் ஊற்றி, விரலில் துணி சுற்றி வாயைத் துடைக்கப் போனபோது பிள்ளை வீறிட்டு அழுதது. வாய் முழுக்கத் திறந்தது. நாக்கு மேலே எழவில்லை. நுனி நடுவில் குழிந்து நின்றது. அடியில் ஒரு வெள்ளை நரம்பு, நூல் மாதிரி, நுனி வரைக்கும் வந்து இழுத்துப் பிடித்திருந்தது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். என் வாய்க்குள் என் விரல் தொடுகிற அதே நரம்பு.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கென்று ஒன்றும் பிறக்கவில்லை. தம்பியின் மூக்கு அவன் மகனுக்கு இருக்கிறது, எங்கள் அப்பாவின் காது தம்பிக்கு இருக்கிறது, என்னுடையது என்று எவரிடமும் ஒன்றும் இருந்ததில்லை. இதோ ஒரு பிள்ளை என் நாக்கோடு பிறந்திருக்கிறது. துணியைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் எல்லோரிடமும் காட்டினேன். எங்கள் வீட்டு நாக்கு, எங்கள் வீட்டு நாக்கு என்று சொன்னேன். தம்பி கூடச் சிரித்தான்.

ஆஸ்பத்திரியில் யாராவது அதைக் கவனித்துச் சொன்னார்களா என்று தெரியவில்லை. சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வருகிற அவசரத்தில் நாங்கள் கேட்காமலும் இருந்திருக்கலாம்.

பால் கொடுக்கிறதில்தான் தொந்தரவு ஆரம்பித்தது. பிள்ளை மாரில் வாய் வைக்கும், நாலு இழுப்பு இழுக்கும், வழுக்கிவிடும். டொக், டொக் என்று நாக்குத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பிறகு அழும். மறுபடி வைத்தால் ஈறால் அமுக்கிப் பிடிக்கும். ஒரு வாரத்துக்குள் அந்தப் பெண்ணின் மார் இரண்டும் வெடித்து ரத்தம் கசிந்தது. பால் கொடுக்கிற நேரம் வந்தாலே கால் விரல்களை மடக்கிக்கொள்வாள். ஒரு மணி நேரம் பிள்ளை மாரில் இருக்கும், எழுந்தால் பசியோடுதான் எழும்.

"புள்ள கடிக்கிது பெரியம்மா" என்றாள் ஒருநாள்.

லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் பிள்ளை பார்க்க வந்திருந்தார்கள். ஒருத்தி அதைக் கேட்டுவிட்டாள். பல் இல்லாத பிள்ளை கடிக்கிறதாமே என்று ஆரம்பித்தார்கள். கம்பத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றிலேயே பல் முளைத்துவிடுமோ என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தப் பெண் சுவர்ப் பக்கமாகத் திரும்பி மாராப்பை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

தம்பி பெண்டாட்டி சிரிக்கவில்லை. அவளுக்குக் கோபம்.

"நாங்களும் மூணு பெத்தோம் மதினி. ஒருத்திக்கும் மாரு புண்ணாகல. இவளுக்குக் குடுக்க மனசில்ல, அதான் சங்கதி" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

நான் அதை மறுத்துப் பேசவில்லை. மனசு இல்லை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பால் பற்றாது என்று நினைத்தேன். ஒல்லி உடம்பு, அம்மா கை பட்டு வளராத உடம்பு. பூண்டைப் பாலில் வேக வைத்துக் கொடுத்தேன். வண்டிப்பெரியார் சந்தையில் பால்சுறாக் கருவாடு வாங்கி வரச் சொல்லிக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். அதெல்லாம் வேலை செய்தது. அதுதான் வேடிக்கை. பால் பெருகியது. பிள்ளையால் அதை இழுத்துக் குடிக்க முடியவில்லை. அது எங்களுக்குப் புரியவில்லை. பிள்ளை அழுதால் நான் பவுடர் பால் கரைத்துப் பாலாடையில் கொடுத்தேன். என் கையில் கடகடவென்று குடித்தது. இதோ பார், குடிக்கிற பிள்ளைதான் என்று எல்லோருக்கும் காட்டினேன். நான் அவ்வளவு லாவகமாகக் கொடுக்காமல் இருந்திருந்தால், பிள்ளையால் குடிக்க முடியவில்லை என்று யாருக்காவது தோன்றியிருக்கும்.

ஒருநாள் காலை அவள் பிள்ளையை மடியில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் நாக்கை நீட்டி நீட்டிப் பிள்ளைக்குக் காட்டுகிறாள். பிள்ளை அவள் வாயையே பார்க்கிறது.

"பெரியம்மா, இதுக்கு நாக்கு வெளிய வர மாட்டேங்குதே. ஆஸ்பத்திரியில காட்டிப் பாப்பமா?"

"அது எங்க வீட்டு நாக்கும்மா. எனக்கும் அப்படித்தான். நான் என்ன கெட்டா போயிட்டேன்?" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சரி பெரியம்மா என்றாள். அவளைவிட வயதில் மூத்தவள், தாய் ஸ்தானத்தில் இருக்கிறவள், இத்தனை பிள்ளைகளை வளர்த்தவள் சொன்னால் அவள் வேறு என்ன செய்வாள்? அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. எத்தனை வருஷம் ஆனாலும் எனக்கு மறக்காதது நான் சொன்ன அந்த வார்த்தைதான். மற்றதெல்லாம் முன்னே பின்னே ஆகும், இது ஆகாது.

அதற்கு நாலைந்து நாள் கழித்து அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. இரண்டு மாரும் கல்லு மாதிரி ஆகிவிட்டது. தொட விடமாட்டாள். காய்ச்சல் வந்தது. கையை உடம்போடு சேர்த்து வைக்க முடியாமல் இரண்டு பக்கமும் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னமாவது செய்ங்க பெரியம்மா, என்னால முடியல" என்று அழுதாள்.

இந்த இடத்தை எழுத எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. ஆனாலும் இதற்காகத்தான் எழுதுகிறேன்.

பிள்ளை தவறிப் போன தாய்க்கு எங்கள் பக்கம் மல்லிகைப் பூ கட்டுவோம். தொடுத்த பூவை மார் மேல் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினால் வீக்கம் வாடும், இரண்டு மூன்று நாளில் பால் வற்றிவிடும். பிள்ளையைப் பால் மறக்கடிக்கிறவர்களுக்கும் கட்டுவதுண்டு. எனக்கு அது நன்றாகத் தெரியும். கிரச்சில் இருந்தபோது இரண்டு பேருக்கு நானே கட்டியிருக்கிறேன். பால் வற்றும் என்று தெரிந்துதான் கட்டினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைதான் என் கையில் நன்றாகக் குடிக்கிறதே, இந்தப் பெண் எதற்கு இப்படித் துடிக்க வேண்டும் என்று நினைத்தேன். பாவப்பட்டுத்தான் செய்தேன்.

தம்பி மகன் குமுளிக்குப் போனான். கம்பத்திலிருந்து காலை பஸ்ஸில் மலையேறி வருகிற பூவை அங்கே விற்பார்கள். ஈரத் துணியில் சுற்றிய பந்து ஒன்று வாங்கி வந்தான். நான் கட்டினேன். வாடிய பூவை அவிழ்த்துப் போட்டு, புதுப் பூ வைத்து, மூன்று நாள் கட்டினேன். அவள் ஊர்ப் பூவின் வாசனை அது. அவள் அப்படியே படுத்துத் தூங்கினாள். பிள்ளை பெற்ற பிறகு அவள் நன்றாகத் தூங்கியது அந்த மூன்று நாள்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

நாற்பத்தைந்தாம் நாள் ஊசிக்குச் சப்-சென்டருக்குப் போனோம். அங்கே இருந்த சிஸ்டர் மலையாளத்துப் பெண், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் நன்றாக வரும். பிள்ளையை எடை போட்டாள். எடை குறைவுதான், ஆனால் மோசமில்லை என்றாள். தாய்ப்பால்தானே என்று கேட்டாள். தம்பி பெண்டாட்டி முந்திக்கொண்டு, அவளுக்குப் பாலே இல்லை சிஸ்டரே என்றாள். சிஸ்டர் அவளை விட்டுவிட்டுப் பெண்ணைப் பார்த்து, நீ சொல்லு, என்ன ஆச்சு என்றாள். அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வழுக்குகிறது, சத்தம் வருகிறது, கடிக்கிறது, புண்ணாயிற்று, கட்டிக்கொண்டது. ஒன்றும் அழவில்லை. யாரும் இதுவரை அவளிடம் அப்படி வரிசையாகக் கேட்டதில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

சிஸ்டர் கை கழுவிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் தலைமாட்டுப் பக்கம் உட்கார்ந்து, மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். அங்கேயும் ஈறோடு ஒரு சின்ன நரம்பு இருந்தது. இது சாரமில்லை, பரவாயில்லை, எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்சம் இருக்கும் என்றாள். பிறகு இரண்டு விரலால் நாக்கைத் தூக்கினாள். தூக்க வரவில்லை. விரலை வாயில் கொடுத்துச் சப்ப விட்டுப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இது நாக்குக் கெட்டு, நாக்கக் கட்டிப் போட்ட மாதிரி. பிள்ளையால எங்ஙன குடிக்க முடியும்? அம்மாமாரே, இது ஆரும் பாக்கலியா?" என்று கேட்டாள்.

நான் பார்த்தேன். முதல் நாளே பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெண்தான் என் பக்கம் திரும்பினாள். திரும்பிவிட்டு உடனே பிள்ளையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

சிஸ்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். மலை இறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வயதானவர். எல்லா நாக்கையும் வெட்ட வேண்டியதில்லை, நன்றாகக் குடிக்கிற பிள்ளை என்றால் அப்படியே விட்டுவிடலாம், இந்தப் பிள்ளையால் குடிக்க முடியவில்லை, அதனால் வெட்டலாம் என்று பொறுமையாகச் சொன்னார். பேச்சுக்கு என்ன ஆகும் என்று தம்பி மகன் கேட்டான். சிலருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்குச் சில எழுத்து வராது, இப்போதே சொல்ல முடியாது என்றார். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எத்தனை நாள் பிள்ளை என்று என்னைப் பார்த்துக் கேட்டார். சொன்னேன். என் பேச்சைக் கேட்டுவிட்டு நாக்கை நீட்டச் சொன்னார். அத்தனை பேர் முன்னால் நீட்டினேன்.

"இந்த அம்மாவுக்கும் அதேதான். குடும்பத்தில் வரும்" என்றார். வெட்டிக்கொள்கிறீர்களா என்றும் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

பிள்ளையை ஒரு துணியில் இறுக்கிச் சுற்றினார்கள். நர்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டாள். கத்தரிக்கோல் ஒரு தரம் பட்டது. அவ்வளவுதான். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு ரத்தம், பஞ்சில் ஒற்றினார்கள். பிள்ளை அழுது முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. உடனே மாரில் போடு என்றார்கள்.

திரைச்சீலைக்குப் பின்னால் அவளோடு நான்தான் போனேன். அவள் கால் விரல்களை மடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பிள்ளையை மாரில் வைத்தாள். பிள்ளை வாயைப் பெரிதாகத் திறந்து பிடித்தது. வழுக்கவில்லை. சத்தம் வரவில்லை. அவள் விரல்கள் மெதுவாகப் பிரிந்தன.

"வலிக்கல பெரியம்மா" என்றாள்.

இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும். பிள்ளை இழுத்தது, இழுத்தது, நிறுத்தியது. அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தது. மறுபடி இழுத்தது. பிறகு விட்டுவிட்டு அழ ஆரம்பித்தது. உள்ளே ஒன்றும் இல்லை. குடிக்கத் தெரிந்த நேரத்தில் குடிக்க இல்லாமல் போயிற்று.

நர்ஸ் வந்து அமுக்கிப் பார்த்தாள். எத்தனை நாளாக வற்றியது, எதனால் என்று கேட்டாள். பூ கட்டினோம் என்று அந்தப் பெண்ணேதான் சொன்னாள். யார் கட்டினார்கள் என்று சொல்லவில்லை. பால் கட்டினால் வெந்நீர்த் துணி வைத்துப் பிழிந்து எடுத்துவிட வேண்டும், பிழிந்த பாலையே பிள்ளைக்குக் கொடுக்கலாம், அப்படிச் செய்திருந்தால் பால் நின்றிருக்காது என்று நர்ஸ் சொன்னாள். இப்போதும் முயற்சி பண்ணலாம், ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது மாரில் போட்டு இழுக்க விடுங்கள், சிலருக்குத் திரும்பி ஊறும் என்றாள்.

அந்தப் பெண் பத்துத் தரம் இல்லை, பதினைந்து தரம் போட்டாள். பிள்ளை இழுத்து ஏமாந்து அழும், பிறகு புட்டிப் பால் கொடுப்போம். நான் பாலாடையைத் தொடவில்லை. மூன்றாவது வாரம் நாலு சொட்டு வந்தது. என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையில் பிழிந்து காட்டினாள். வெள்ளையாக, ஒரு பொட்டு அளவு. அப்படிச் சந்தோஷப்பட்டாள். எனக்கும் நம்பிக்கை வந்தது. அதற்கு மேல் பெருகவில்லை. தற்காலிக வேலைக்காரிக்குச் சம்பளத்தோடு லீவு கிடையாது. மூன்றாம் மாதம் கொழுந்து பறிக்க ஏறினாள். காட்டில் நிற்கிற நேரமெல்லாம் பிள்ளையை மாரில் போட முடியாதே. அந்த நாலு சொட்டும் நின்றது.

தம்பி பெண்டாட்டிக்கு இப்போது கோபம் என் மேல் திரும்பியது. அது நியாயம்தான். ஆனால் முன்பு அந்தப் பெண்ணைப் பேசியதற்கு அவளிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்டாளா என்றால் இல்லை. ஒருநாள் குழாயடியில் என்னைப் பார்த்து, "நல்ல பூவாப் பாத்துத்தான் கட்டுனீக மதினி" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு நான் வந்துவிட்டேன்.

அந்தப் பெண் என்னிடம் முகம் சுளித்ததில்லை. ஒரே ஒரு நாள், புட்டியை வெந்நீரில் போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்.

"பெரியம்மா, அந்த நாக்கால சின்னதுல ஒங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சா?"

எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. பஸ்ஸில் ஊர் பெயர் சொன்னால் கண்டக்டர் மறுபடி கேட்பார் என்று எப்போதும் சரியான சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுவது ஞாபகம் வந்தது.

"இருந்துச்சும்மா" என்றேன்.

"அன்னைக்கே அதச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கிடுக்கியால் புட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள். நான் என்ன கெட்டா போனேன் என்று கேட்டபோது அவள் என்னைப் பார்த்தாளே, அந்தப் பார்வைக்கு இதுதான் அர்த்தம். ஆமாம், கொஞ்சம் கெட்டுத்தான் போனேன் என்று நான் சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பாள். பால் இருக்கும்போதே நாக்கு அவிழ்ந்திருக்கும். எனக்கு வெட்கம். என் நாக்கில் குறை என்று அறுபது வயதுக்கு மேலும் ஒப்புக்கொள்ள வெட்கம்.

பிள்ளை நன்றாக வளர்ந்தது. அவர்கள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். போனில் பேசுவாள் அந்தச் சின்னவள், எல்லா எழுத்தும் வருகிறது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

போன தை மாதமோ அதற்கு முந்தைய தையோ, சொந்தத்தில் ஒரு கல்யாணம். அவர்கள் வந்திருந்தார்கள். மண்டபத்தில் ஒரு மூலையில் கைக்குழந்தைக்காரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அவளும் அவர்கள் பக்கத்தில் இருந்தோம். ஒருத்தி அவளிடம், உன் பிள்ளை எத்தனை வயது வரை குடித்தாள் என்று கேட்டாள்.

"எங்க குடிச்சா? எனக்குத்தான் பாலே இல்லையே" என்றாள்.

சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத் தலைவலி என்று சொல்கிற மாதிரி. எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பாள்! கேட்டவள் உச்சுக் கொட்டினாள். இன்னொருத்தி, சில பேருக்கு அப்படித்தான், உடம்பு வாகு என்றாள். அவளும் ஆமாம் என்றாள். அப்போது நான் பேசியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்கூட. புது ஆட்கள், மேளச் சத்தம், நான் சொன்னால் என்ன என்ன என்று இரண்டு தரம் கேட்பார்கள். இலை போட்டாச்சு என்று கூப்பிட்டார்கள், எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவளும் பிள்ளையின் பாவாடையைச் சரி செய்துகொண்டு எழுந்து போனாள். இரண்டாவது தடவையும் நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுக்குப் பால் இருந்தது. மார் கொள்ளாத அளவுக்கு இருந்தது. ரவிக்கை நனைந்து நான்தான் துவைத்தேன். அவளுக்கு மனசும் இருந்தது. வற்ற வைத்தது என் கை.

இதை நான் சப்-சென்டர் சிஸ்டரிடமே கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கைக்குழந்தைக்காரிகள் யாராவது படிப்பார்கள் என்றால் படிக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் சிஸ்டரோ, விவரம் தெரிந்த வேறு யாராவதோ ஒரு தரம் சரி பார்த்துவிட வேண்டும். உதட்டு நரம்பைப் பற்றி நான் எழுதியது சரியா, பால் கட்டினால் வெந்நீர்த் துணி என்று நர்ஸ் சொன்னதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா, வெட்டிய பிறகு வாயில் ஏதாவது செய்ய வேண்டுமா, எங்களுக்குச் சொல்லி நான்தான் மறந்துவிட்டேனா, எதுவும் எனக்கு நிச்சயமில்லை. பூ கட்டியது இருபதாவது நாளா இருபத்தைந்தாவது நாளா என்பதும் நினைவில்லை. அது அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும், அவளிடம் கேட்க என்னால் முடியாது. தப்பு இருந்தால் அடித்துவிட்டுச் சரியானதை எழுதிக்கொள்ளுங்கள். என் பேச்சை நம்பி ஒருத்தி கெட்டது போதும்.